‘ராஜராஜன் வாள்’ என்று வந்தது: கண்ணாடிப் பெட்டியில் என்ன எழுதி வைப்பது?

1 · நங்கநல்லூர் டீச்சர் · சனி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். நங்கநல்லூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். அடுத்த மாதம் பள்ளிக் கண்காட்சி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சோழர்களுக்கென்று ஓர் அறையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக எங்கள் பழைய மாணவர் ஒருவர் ஆசையாக ஒரு வாள் வாங்கிக் கொடுத்தார். மரப்பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட், கூடவே ஓர் அட்டை: ‘மாமன்னர் ராஜராஜ சோழன் பயன்படுத்திய வாளின் அச்சு அசல் நகல்’.

பெட்டியைத் திறந்ததும் வகுப்பே எழுந்து வந்துவிட்டது. அப்போது ஒரு பெண் கேட்டாள்: “மிஸ், அவரோட வாள் எப்படி இருந்துச்சுன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நான்கு நாளாகிறது.

வாளைப் பற்றிச் சொல்கிறேன். அலகு மட்டும் 81 சென்டிமீட்டர், லேசான வளைவு. மளிகைக் கடைத் தராசில் வைத்தோம், 1 கிலோ 870 கிராம். அலகு முழுக்க அலை அலையாகக் கோடுகள். பித்தளைக் கைப்பிடி, அதன் தலையில் சின்னத் தட்டு மாதிரி வட்டம், அந்தத் தட்டிலிருந்து கீழ்க் குறுக்குக்கட்டை வரை விரல்களை மூடுகிற மாதிரி ஒரு வளைவுக் கம்பி. தட்டின் உச்சியில் மரையாணி. அலகில் புலித்தலை, அதன் கீழே ‘ராஜராஜ சோழன்’ என்று எழுத்து.

கண்ணாடிப் பெட்டியில் என்ன எழுதி வைக்கலாம்? கொடுத்தவர் மனமும் நோகக் கூடாது, பிள்ளைகளுக்குத் தப்பாகவும் சொல்லக் கூடாது.

2 · வேளச்சேரி வேந்தன் · சனி, இரவு 9.48

டீச்சர், அலை அலையாகக் கோடு இருக்கிறது என்கிறீர்களே, அது போதும். அதுதான் டமாஸ்கஸ் வரி, சிரியாவின் டமாஸ்கஸ் நகரத்துப் பெயரில் புகழ்பெற்ற வாள்களில் இருக்கிற கோடு. டமாஸ்கஸ் வாளுக்கு உருக்கு போனது நம் மண்ணிலிருந்து. ஈரோடு பக்கத்துக் கொடுமணலில் உருக்கு உலையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். தைரியமாக ‘சோழர் வாள்’ என்று எழுதுங்கள். நம் பெருமையை நாமே சந்தேகப்பட வேண்டாம்.

3 · அம்பத்தூர் பட்டறை · சனி, இரவு 11.20

டீச்சர், அப்பா ஊரில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பைச் சூடேற்றிப் பதம் போடுகிற வேலையில் இருக்கிறேன். எழுத்து, புலி எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் இரும்பு என்ன சொல்கிறது என்று கேட்போம். நான்கு காரியம் செய்து பார்த்து எழுதுங்கள்.

பிசிக்ஸ் லேபில் வெர்னியர் இருக்கும். அலகின் தடிமனைக் கைப்பிடி ஓரத்தில், நடுவில், முனைக்கு நாலு விரல் முன்னால் என்று மூன்று இடத்தில் அளக்கவும். அடுத்து, அலகை ஒரு விரல் மேல் கிடத்தி எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பார்க்கவும். மூன்றாவது, அந்த அலைக்கோடு அலகின் முதுகிலும் தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்கவும். கடைசியாக, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் பொறுத்துத் துடைக்கவும்.

4 · நங்கநல்லூர் டீச்சர் · திங்கள், மாலை 5.30

எல்லாம் செய்தாயிற்று. பிள்ளைகள்தான் அளந்தார்கள். தடிமன் மூன்று இடத்திலும் 5 மில்லிமீட்டர், இம்மியும் மாறவில்லை. குறுக்குக்கட்டையிலிருந்து 22 சென்டிமீட்டர் தள்ளி விரலில் நிற்கிறது. முதுகில் கோடே இல்லை, வழவழவென்று கண்ணாடி மாதிரி இருக்கிறது. எலுமிச்சை பட்ட இடம் அப்படியே பளபளக்கிறது. பிசிக்ஸ் சார் காந்தத்தையும் வைத்துப் பார்த்தார். பச்சென்று ஒட்டிக்கொண்டது. “அப்போ இது நல்ல இரும்புதான்” என்கிறார்.

5 · அம்பத்தூர் பட்டறை · திங்கள், இரவு 10.05

காந்தத்தை நம்ப வேண்டாம் என்று சாரிடம் சொல்லுங்கள். சமையலறைப் பாத்திரம் செய்கிற 304 வகையில்தான் காந்தம் ஒட்டாது. கத்தி செய்கிற 420 வகை துருப்பிடிக்காத எஃகில் நன்றாகவே ஒட்டும். எலுமிச்சைதான் சரியான சாட்சி. வீட்டில் பழைய இரும்பு அரிவாள்மணை இருந்தால் வாழைக்காய் நறுக்கிப் பாருங்கள், அலகு கறுத்துவிடும். கரிச்சத்து உள்ள வெறும் எஃகு புளிப்புக்கும் துவர்ப்புக்கும் முகம் மாறாமல் இருக்காது. உங்கள் வாள் மாறவில்லை என்றால் அதில் குரோமியம் நிறைய இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தது. ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை.

அலைக்கோடு விஷயம். வேந்தன் தம்பி சொன்ன உருக்கு உண்மை, அதில் எனக்கும் பெருமை உண்டு. இரும்பை மண் குகையில், அதாவது உலோகம் உருக்குகிற சின்ன மண் பாத்திரத்தில் போட்டு, ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் சேர்த்து, வாயை மண்ணால் பூசி மூடி உலையில் வைப்பார்கள். இலையும் கட்டையும் கரியாகி இரும்புக்குள் இறங்கும். உள்ளே உருகி, மெதுவாக ஆறி, சின்னக் கட்டியாக வெளியே வரும். அதில் கரிச்சத்து ஒன்றரை சதவீத அளவில் இருக்கும். அதைப் பக்குவமான சூட்டில் திரும்பத் திரும்பத் தட்டி அலகாக நீட்டும்போதுதான் வரி எழும். அந்த வரி உலோகத்தின் உள்ளேயே இருப்பது. தேய்த்தாலும் மறுபடி அமிலம் தடவினால் வரும், முதுகிலும் இருக்கும். கோடு மிக நுணுக்கமாக, தண்ணீர் ஓடின மணல் மாதிரி இருக்கும்.

இப்போது ‘டமாஸ்கஸ்’ என்று விற்பதில் ஒரு வகை, இரண்டு விதமான எஃகுப் பட்டைகளை அடுக்கி உலையில் ஒட்டி, மடித்து, முறுக்கித் தட்டுவது. அதுவும் பெரிய கைத்திறன்தான், ஆனால் வேறு வித்தை. அதில் முதுகைப் பார்த்தால் புத்தகத்தின் ஓரம் மாதிரி அடுக்குத் தெரியும். உங்களுடையது அதுகூட இல்லை. முதுகில் ஒன்றும் இல்லாததால், பக்கவாட்டில் மட்டும் லேசரிலோ அமிலத்திலோ பொறித்த படம் என்று சொல்லிவிடலாம்.

மூன்று இடத்திலும் 5 மில்லிமீட்டர் என்றீர்களே, எனக்கு அதுதான் மனதை உறுத்துகிறது. தகட்டை வாங்கி, வாள் வடிவத்தில் வெட்டி, ஓரத்தை மட்டும் கிரைண்டரில் சரித்திருக்கிறார்கள். சம்மட்டி படவே இல்லை. சம்மட்டியால் நீட்டிய வாள் கைப்பிடியண்டை ஐந்தாறு மில்லிமீட்டர் இருந்தால் முனைக்குப் போகும்போது இரண்டு மூன்றாக மெலியும். முன்பாரம் குறைவதற்கு அதுதான் வழி. அந்த மெலிவு படத்தில் தெரியாது, கையில் எடுத்தால்தான் தெரியும். அதனால்தான் நகல் செய்கிறவர்கள் முதலில் விடுவது அதை. பழைய வாள் ஒன்று ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும், கொஞ்சம் முன்னே பின்னே. உங்களுடையது கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு பங்கு.

அலகில் நீளவாக்கில் பள்ளம் ஏதும் இருக்கிறதா? இருந்தால் பிள்ளைகள் ‘ரத்தம் வடியற வழி’ என்பார்கள். அந்தக் காடி எடையைக் குறைக்கத்தான். உத்தரத்து இரும்பு ஏன் ‘ஐ’ வடிவில் இருக்கிறது என்று பிசிக்ஸ் சாரைக் கேட்டால் அதே கணக்கைச் சொல்வார்.

6 · வியாசர்பாடி சிலம்பம் · செவ்வாய், காலை 6.15

22 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிற வாளை அரை மணி வீசினால் மறுநாள் மணிக்கட்டு எழாது. நாங்கள் பழகுகிற வாள் கைப்பிடியிலிருந்து ஏழெட்டு விரல் தூரத்திலேயே நிற்கும்.

கைப்பிடித் தலையில் தட்டு என்றீர்களே, அந்தத் தட்டுக்கு ஒரு வேலை உண்டு. கையை நீட்டிக் குத்தப் போனால் அது மணிக்கட்டில் இடிக்கும். மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு தோளிலிருந்து வீசி, வெட்டு விழுந்ததும் இழுக்கிற வீச்சுக்கு அது பாந்தமாக உட்காரும். வளைந்த அலகுக்கு ஏற்ற பிடி. நேர் அலகுக் குட்டை வாளைக் கேடயத்தோடு பிடித்து நெருங்கிச் சண்டை போடுகிறவனுக்கு அந்தத் தட்டு இடைஞ்சல்தான். எந்தக் காலம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பிடியை வைத்து ஆட்டத்தைச் சொல்லலாம்.

7 · காஞ்சிச் சாலை · செவ்வாய், இரவு 9.30

சிலம்பம் அண்ணா சொன்ன இடத்திலிருந்தே தொடர்கிறேன். தட்டு வைத்த, விரல் காப்புக் கம்பி உள்ள பிடிக்குத் தல்வார் பிடி என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டுக்கு அப்புறம் முகலாயர், தக்காண சுல்தான்கள், மராட்டியர் படைகளில் பரவலானது. ராஜராஜன் காலத்துக்கும் அதற்கும் ஐந்நூறு ஆண்டு இடைவெளி.

சரி, சோழர் வாள் எப்படி இருந்தது? ராஜராஜன் கையில் இருந்தது என்று நிரூபணமான வாள் ஒன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. ஆகவே ‘அச்சு அசல் நகல்’ என்பதற்கு மூலமே கிடையாது. நமக்கு இருப்பது கல்லும் சுண்ணமும். அவற்றைப் படிக்கவும் பழக வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மகாபலிபுரம், காஞ்சிபுரம் என்று சுற்றுகிறவன். நான் விழுந்த குழிகளைச் சொல்கிறேன்.

முதல் குழி, கோபுரத்துச் சுதைச் சிற்பம். கோயில் ஆயிரம் வருஷத்துப் பழமை என்றால் கோபுரத்துப் பொம்மையும் அப்படித்தான் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் சுதை வேலை புதிதாக நடக்கும், வண்ணமும் புதிது. துவாரபாலகர் பக்கத்தில் நிற்கும் வீரனின் வாள் போன தலைமுறை ஸ்தபதியின் கற்பனையாக இருக்கலாம்.

இரண்டாவது, சோழர் ஊரில் இருப்பதெல்லாம் சோழர் காலம் என்று எண்ணுவது. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் ஓவியங்களுக்கு மேலேயே நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொல்கிற வரை அடியில் சோழர் ஓவியம் இருப்பது உலகத்துக்குத் தெரியாது. ஒரே சுவரில் இரண்டு காலம். எந்த அடுக்கிலிருந்து வாளை நகல் எடுத்தீர்கள் என்பதில் அறுநூறு ஆண்டு மாறிவிடும்.

சென்னைக்காரர்களுக்கு இதைக் கண்ணால் பார்க்க காஞ்சிபுரம் போதும். வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கியிருக்கிறது, 8-ஆம் நூற்றாண்டு. அங்கே போர்க் காட்சிகளின் முன்னால் நில்லுங்கள். கல் தேய்ந்திருக்கிறது, ஆனாலும் கேடயத்தோடு போகிற வீரர்கள் தெரிகிறார்கள். வாள் பெரும்பாலும் முழங்கை நீளம், அகலமான நேர் அலகு, சின்னப் பிடி. விரலை மூடுகிற கம்பி இல்லை. அங்கிருந்து ஆட்டோ பிடித்து வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்கு வாருங்கள், 16-ஆம் நூற்றாண்டு விஜயநகர வேலை. தூண்களில் குதிரை வீரர்கள் பாய்கிறார்கள். ஆடை, சேணம், ஆயுதம் எல்லாமே வேறு உலகம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று பார்த்தால் போதும். அப்புறம் ‘பழைய வாள்’ என்று பொதுவாகச் சொல்ல வாய் வராது.

மூன்றாவது குழி, கல்லை வைத்துத் தடிமன் அளப்பது. சிற்பி அலகை மெல்லியதாகச் செதுக்கினால் உடைந்துவிடும், ஆகவே தடியாகவே விடுவார். பல இடங்களில் வாள் உடம்போடு ஒட்டியே இருக்கும். நீளம், பிடியின் அமைப்பு, எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்பதைக் கல்லிடம் கேட்கலாம். எடையையும் தடிமனையும் கேட்கக் கூடாது.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். வளைந்த வாள் என்றாலே பிற்காலம் என்று சிலர் தள்ளிவிடுவார்கள். அது சரியில்லை. நம் நடுகற்களில் முன்பக்கம் வளைந்த அலகும் உண்டு. டீச்சருடைய வாளைக் காட்டிக் கொடுப்பது வளைவு இல்லை, பிடிதான்.

8 · வேளச்சேரி வேந்தன் · செவ்வாய், இரவு 10.40

மனசு கஷ்டமாக இருக்கிறது. கடல் கடந்து படை எடுத்தவர்களுடைய ஒரு வாள்கூடவா மிச்சமில்லை? ஆதிச்சநல்லூரில் அதற்கும் முந்தைய காலத்து இரும்பு வாளே கிடைத்திருக்கிறது. அது இருக்கும்போது சோழர் வாள் இல்லை என்றால் எப்படி நம்புவது?

9 · எழும்பூர் நடை · புதன், காலை 11.00

வேந்தன், நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

ஆதிச்சநல்லூர் இரும்பு மிஞ்சியதற்குக் காரணம், அதை இறந்தவர்களோடு மண்ணுக்குள் வைத்தார்கள். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டி எடுத்தவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நானே பார்த்திருக்கிறேன். துரு தின்று, ஓரம் உதிர்ந்து, ஆனாலும் வாள் என்று தெரிகிறது. சோழர் காலத்தில் ஆயுதத்தைத் தாழியில் வைத்துப் புதைக்கும் வழக்கம் போய்விட்டது. புதைக்காத இரும்பு என்ன ஆகும்? உடைந்தால் பட்டறைக்குப் போகும். உருமாறி கொழுவாகும், அரிவாளாகும்.

புறநானூற்றின் 95-ஆம் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தொண்டைமானின் ஆயுதங்கள் மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவை நுனி சிதைந்து கொல்லனின் சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். அருங்காட்சியகத்துக்கு வந்து சேருவது தொண்டைமான் வீட்டு ஆயுதம். போரில் உழைத்தது வந்து சேராது.

இன்னொரு விஷயம் டீச்சருக்கு. எழும்பூரில் ஆயுதக் கூடம் இருக்கிறது. அங்கே தஞ்சாவூர் அரண்மனை ஆயுதச் சாலையிலிருந்து வந்த வாள்களும் கட்டாரிகளும் இருக்கின்றன. ‘தஞ்சாவூர்’ என்று பெயரைப் படித்ததும் மனம் நேராக ராஜராஜனிடம் போய்விடும். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த அரண்மனை நாயக்கர்களுடையது, 1670-களுக்கு அப்புறம் 1855 வரை மராட்டியர்களுடையது. சோழர் போய் முந்நூறு ஆண்டுக்குப் பிந்தைய கதை. ‘சோழர் வாள்’ என்று விற்கிற பல நகல்களுக்கு மூலம் இந்த மாதிரித் தஞ்சைப் பொருள்கள்தான் என்பது என் எண்ணம். ஊர் சரி, நூற்றாண்டு தப்பு.

பழைய பிடிகளை அருகில் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உச்சியில் மரையாணி இருக்காது. தல்வார் பிடி உள்ளே பொள்ளலாக இருக்கும். அலகின் வாலை அதற்குள் நுழைத்து, உருக்கிய அரக்கை ஊற்றிப் பதித்துவிடுவார்கள். தென்னகத்து நேர்வாள்கள் சிலவற்றில் பிடியிலிருந்து இரண்டு பட்டை அலகின் மேல் இறங்கி ஆணி அறைந்திருக்கும். மரையைத் திருகி இறுக்குவது இக்காலத் தொழிற்சாலை வேலை.

கூடம் வெள்ளிக்கிழமை விடுமுறை. பிள்ளைகளைக் கூட்டிப் போவதென்றால் வேறு நாளில் போங்கள்.

10 · கோடம்பாக்கம் ஆர்ட் · புதன், இரவு 11.50

நான் பத்து வருஷமாகப் படங்களுக்கு ஆயுதம் செய்து தருகிற குழுவில் இருக்கிறேன். இந்த இழையைப் படிக்கப் படிக்க ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சண்டைக் காட்சிக்கு நாங்கள் கொடுப்பது பெரும்பாலும் ஃபைபர், ரப்பர், அலுமினியம். தூரத்திலிருந்து கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்பதால் அகலத்தையும் நீளத்தையும் கூட்டுவோம். மாதிரி கேட்டால் முன்னால் வந்த படத்தின் மாதிரியைத்தான் எடுப்போம். அந்தப் படத்துக்கு அதற்கு முந்தின படம். இப்படியே போனால் கடைசியில் சிலையையோ அருங்காட்சியகத்தையோ பார்த்தவர் யாருமே இல்லை. அப்புறம் கடைக்காரர்கள் படத்தைப் பார்த்து இரும்பில் செய்கிறார்கள். சுவரில் மாட்டினவர்கள் அதைச் சோழர் வாள் என்று நம்புகிறார்கள். டீச்சர் கையில் வந்திருப்பது இந்த வழியில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த வேலைக்கு முன்னால் காஞ்சிபுரம் போகப் போகிறேன். காஞ்சிச் சாலை சார், எந்த ஞாயிறு போகிறீர்கள் என்று சொல்லுங்கள், கூட வருகிறேன்.

11 · திருவல்லிக்கேணி தாத்தா · வியாழன், காலை 7.20

ஓய்வுபெற்ற பிறகு கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டவன். அம்மா, அந்த அலகில் இருக்கும் எழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

‘சோழன்’ என்பதில் ‘சோ’வைப் பாருங்கள். முன்னால் இரட்டைச் சுழிக் கொம்பு. நெடில் ஓகாரத்துக்கு இந்தக் கொம்பும், குறிலுக்கு ஒற்றைச் சுழியும் என்று பிரித்துக் கொடுத்தவர் வீரமாமுனிவர், 1680-இல் பிறந்து 1747-இல் மறைந்தவர். ராஜராஜன் கல்வெட்டில் குறிலும் நெடிலும் ஒரே கொம்புதான். ‘சொழ’ என்று வெட்டியிருப்பதைச் ‘சோழ’ என்று இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். ‘ன்’ மேல் உள்ள புள்ளியும் அப்படித்தான். தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி உண்டு என்கிறது, ஆனால் கல்லில் வெட்டியவர்கள் பெரும்பாலும் போடுவதில்லை. போதாததற்கு, எழுத்துகளின் உருவமே வேறு. பெரிய கோயில் கல்வெட்டின் படம் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டி வைத்து, இதில் எத்தனை எழுத்து உங்களால் படிக்க முடிகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

புலியும் அப்படித்தான். திருவாலங்காட்டுச் செப்பேட்டின் முத்திரையில் சோழர் புலி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் பாண்டியரின் இரண்டு மீன், கீழே சேரரின் வில், மேலே குடை, இருபுறமும் சாமரம். உறுமுகிற வெறும் புலித்தலை அங்கே இல்லை.

12 · நங்கநல்லூர் டீச்சர் · ஞாயிறு, இரவு 8.00

தாத்தா, நமஸ்காரம். ‘சோ’வைப் பார்க்கச் சொன்னீர்களே, அந்த ஒரு எழுத்துக்காகவே உங்களுக்கு என் வகுப்பு முழுதும் நன்றி சொல்கிறது. வெள்ளிக்கிழமை கரும்பலகையில் இரண்டையும் எழுதிக் காட்டினேன். முதல் வாரம் கேள்வி கேட்டாளே, அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்: “அப்போ வாளுக்கு 1750-க்கு மேலதான் வயசு மிஸ்!” அதற்குள் இன்னொருவன், “1913-க்கு மேல” என்றான். எலுமிச்சையை அவன் மறக்கவில்லை.

நேற்று பதினான்கு பிள்ளைகளோடு எழும்பூர் போய் வந்தோம். பள்ளி வாளின் படத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்திருந்தேன். ஆயுதக் கூடத்தில் ஒவ்வொரு பிடியாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். தட்டு வைத்த பிடிக்கு முன்னால் வந்ததும் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. தட்டு, காப்புக் கம்பி, நடுவில் புடைத்த பிடி, எல்லாம் எங்கள் வாளில் இருப்பது மாதிரியே. அசலின் பிடிக்குள் கை விரல்கள் நெருக்கிக்கொண்டுதான் போகும் என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரிகிறது. எங்களுடையதில் என் இரண்டு கையும் போகும்.

நான் பயந்த மாதிரி பிள்ளைகள் ஏமாந்து போகவில்லை. ‘நம்ம வாள் பொய்’ என்று ஒருவன் ஆரம்பித்தான். ‘பிடி பொய்யில்லடா, பேருதான் தப்பு’ என்று பக்கத்தில் இருந்தவள் திருத்தினாள்.

எழுதி வைக்க இப்படி யோசித்திருக்கிறேன்: ‘சோழர் கால வாளின் தவறான நகல்’. சரியா?

13 · காஞ்சிச் சாலை · ஞாயிறு, இரவு 8.45

‘தவறான’ வேண்டாம் டீச்சர். அந்தச் சொல் எது தவறு என்று சொல்லாமல் போய்விடுகிறது. உங்கள் பிள்ளை சொன்னதே சரி. பகுதி பகுதியாகச் சொல்லுங்கள். பிடி எந்தக் காலத்து வகை, அலகு எதனால் ஆனது, கோடு எப்படி வந்தது, எழுத்து எந்தக் காலத்தது. நகல் என்றால் எதன் நகல் என்று ஒரு பொருளையோ ஒரு சிற்பத்தையோ சுட்டிக் காட்ட வேண்டும். சுட்ட முடியாத இடத்தில் ‘நகல்’ என்ற சொல்லையே விட்டுவிடுங்கள்.

14 · வேளச்சேரி வேந்தன் · ஞாயிறு, இரவு 9.30

முதல் நாள் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் டீச்சர். ஆனால் உருக்கு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். அது நிஜம். பாக்தாதில் 9-ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அல்-கிந்தி, இலங்கையிலிருந்து வந்த எஃகையும் குறிப்பிடுகிறார். 1819 வாக்கில் மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்துக்கு வருவதற்கு முன்னால், நம் உருக்கை வைத்து ஆராய்ச்சி செய்தார். வாளுக்குப் பக்கத்தில் கொடுமணல் பற்றி ஒரு பலகை வையுங்கள். பொறித்த கோட்டைக் காட்டி, உண்மையான வரி எப்படி வந்தது என்று பிள்ளைகளே சொல்லட்டும். ஒரு மண் குகை செய்து, ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் வைத்துக் காட்டலாம். எருக்கு நான் கொண்டுவந்து தருகிறேன், வேளச்சேரி ரயில் நிலையம் பக்கம் நிறைய இருக்கிறது.

15 · எழும்பூர் நடை · திங்கள், காலை 10.15

ஒரு நடைமுறை விஷயம். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள அலகு ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் வருகிறது. கூர் இல்லாத காட்சிப் பொருள்தான் என்றாலும், தலைமையாசிரியர் கடிதம் ஒன்றை வைத்துக்கொண்டு உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கொண்டு போகும்போது பெட்டியில் பூட்டி, காரில். காட்சியில் பூட்டிய கண்ணாடிக்குள். கைப்பிடிப் பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்க ஆசைப்படுவார்கள், விடாதீர்கள்.

16 · அம்பத்தூர் பட்டறை · திங்கள், இரவு 10.30

டீச்சர், எங்கள் ஷெட்டில் லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டு ஒன்று கிடந்தது. அப்பா அரிவாள் அடித்தது இந்த எஃகில்தான். ஞாயிற்றுக்கிழமை உலை மூட்டி ஒரு முழம் நீளத்துக்கு அடித்திருக்கிறேன். கூர் வைக்கவில்லை, பிடியும் இல்லை. வாள் என்று சொல்ல மாட்டேன். அடியில் 6 மில்லிமீட்டர், நுனியில் இரண்டரை. மேலே சம்மட்டித் தழும்பு தெரிகிறது, தேய்க்காமல் விட்டிருக்கிறேன். கண்காட்சியில் இதையும் ஒரு தகட்டுத் துண்டையும் பிள்ளைகள் கையிலேயே கொடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆட்டிப் பார்க்கட்டும். தையல் மிஷின் எண்ணெய் தடவியிருக்கிறேன். தடவாமல் விட்டால் நம் ஊர்க் காற்றுக்கு ஒரே வாரத்தில் செம்மண் நிறமாகிவிடும்.

17 · நங்கநல்லூர் டீச்சர் · புதன், மாலை 6.40

பட்டறை அண்ணா, அந்தத் துண்டு வந்து சேர்ந்தது. ஸ்டாஃப் ரூமிலேயே எல்லோரும் ஆட்டிப் பார்த்துவிட்டோம்.

வாளைக் கொடுத்த பழைய மாணவரிடம் நேற்று போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நான் படிச்சப்போ இப்படி அளந்து பார்க்கச் சொல்லித் தரலையே மிஸ்” என்றார். அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம், அதையும் உள்ளே வைத்து, பக்கத்தில் பிள்ளைகள் எழுதியதை வையுங்கள் என்று அவரே சொன்னார்.

பிள்ளைகள் எழுதி, நான் எழுத்துப் பிழை மட்டும் திருத்தியது இது:

‘வாள். இக்காலத்தில் செய்தது. கைப்பிடி 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் தக்காணத்திலும் மராட்டியர் நாட்டிலும் வழங்கிய தல்வார் வகையைப் பின்பற்றியது, அளவில் பெரியது. அலகு துருப்பிடிக்காத எஃகு, எலுமிச்சையால் சோதித்தோம். அலைக்கோடு மேலே பொறித்தது, முதுகில் இல்லை. எழுத்து வீரமாமுனிவருக்குப் பிந்தைய வடிவம். எடை 1 கிலோ 870 கிராம். ராஜராஜ சோழன் காலத்து வாளின் உருவத்தைச் சிற்பங்களிலும் ஓவியங்களிலும்தான் தேட வேண்டும். பக்கத்தில் உள்ள அட்டை வாள், காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயிலின் 8-ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தைப் பார்த்து நாங்கள் வரைந்து வெட்டியது. அதன் தடிமன் எங்கள் ஊகம். அன்பளிப்பு: பழைய மாணவர்.’

‘அதன் தடிமன் எங்கள் ஊகம்’ என்ற வரியைச் சேர்க்கச் சொன்னது அந்தக் கேள்வி கேட்ட பெண். கண்காட்சி அன்று அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் அவள்தான் நிற்கிறாள்.